‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பது போதுமான பதிலா?

மார்பகத்தில் தோன்றும் புற்றுநோய்க் கட்டி தொடக்க நிலையில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதைக் கண்டறியும் பரிசோதனையோ பெண்கள் பலருக்கு வலிக்கிறது. கூடலூரிலிருந்து ஆண்டிப்பட்டி வரை நம் மாவட்டப் பெண்கள் பலரைப் பரிசோதனை அறையின் வாசலுக்கு வரவிடாமல் தடுப்பது இந்த முரண்பாடுதான் என்பது என் கருத்து. “வலியே இல்லையே, வேண்டாத வேலை எதற்கு?” என்று கட்டியை ஒதுக்கிவைப்பவரும், “மிஷினில் வைத்து நசுக்குவார்களாம்” என்று பரிசோதனையை ஒதுக்கிவைப்பவரும் பல வேளைகளில் ஒருவராகவே இருக்கிறார்.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. தொடக்கத்தில் கண்டறியப்பட்டால் சிகிச்சை எளிது, பிழைக்கும் வாய்ப்பும் மிகுதி என்பதை இவ்விதழின் வாசகர்கள் பலமுறை படித்திருப்பீர்கள். அதை மீண்டும் சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. வலிக்கிறது என்று ஒரு பெண் சொல்லும்போது மருத்துவமனை என்ன செய்ய வேண்டும், குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்குப் பேசப்படும் பொருள்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். “சிறிதும் வலிக்காது” என்று சொல்லி ஒரு பெண்ணை மேமோகிராம் அறைக்குள் அனுப்புவது தவறு. சிலருக்கு அது வெறும் அழுத்தமாகத் தெரியும். சிலருக்குச் சற்றே நோகும். சிலருக்கு உண்மையிலேயே கடுமையாக வலிக்கும். வலிக்காது என்று நம்பி உள்ளே சென்று வலியோடு வெளியே வந்தவர், அடுத்த முறை நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார். அவர் மட்டுமன்று, அவருடைய தங்கை, அண்டை வீட்டுக்காரர், களையெடுக்க உடன் வருபவர் எவரும் நம்பமாட்டார்கள். வெளிநாடுகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, மறுமுறை பரிசோதனைக்கு வராத பெண்களில் 25 முதல் 46 விழுக்காட்டினர் வலியைக் காரணமாகக் கூறியதாகத் தெரிவிக்கிறது. மருத்துவமனையின் வாசலிலேயே மேமோகிராம் இருக்கும் நாடுகளில் நிலைமை இதுவென்றால், இரண்டு பேருந்து மாறி வர வேண்டிய நம் ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே அமைந்த எக்ஸ்ரே. நின்ற நிலையில் எடுக்கப்படும். மார்பகத்தை ஒரு தட்டின்மேல் வைத்தபின், ஒளி ஊடுருவும் தகடு ஒன்று இறங்கி அதைத் தட்டையாக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு வீதம் வழக்கமாக நான்கு படங்கள் எடுப்பார்கள். ஒன்று மேலிருந்து கீழாக. மற்றொன்று அக்குள் பகுதியையும் சேர்த்துச் சாய்வாக. ஒவ்வொரு படத்துக்கும் அழுத்தம் நீடிப்பது சில நொடிகளே. படம் பதிவானவுடன் தகடு தானாகவே விலகும்படி பெரும்பாலான இயந்திரங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

அழுத்துவது ஏன்? தடித்த நிலையில் இருக்கும் மார்பகத்தில் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சிறிய கட்டியை மறைத்துவிடும். பரப்பிவைத்தால் அது தெரியும். தட்டையான திசுவுக்குக் குறைந்த கதிர்வீச்சே போதும். அசைவும் தடுக்கப்படுவதால் படம் தெளிவாக அமையும். உருகுவே நாட்டு மருத்துவர் ரவுல் லெபோர்ன் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதை வலியுறுத்தினார். எனவே அழுத்தம் என்பது எவருடைய இரக்கமின்மையும் அன்று. அழுத்துவதால் புற்றுநோய் உண்டாகும், அல்லது இருக்கும் கட்டி பரவும் என்று சந்தையிலும் பேருந்திலும் பேசப்படுவதற்கு அடிப்படை ஏதுமில்லை.

ஆனால் எவ்வளவு அழுத்துவது என்ற கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர்கள் ஓர் எளிய உண்மையைச் சுட்டிக்காட்டினர். எல்லாப் பெண்களுக்கும் ஒரே விசையைக் கொடுத்தால், சிறிய மார்பகம் உடையவர் மீது விழும் அழுத்தம் மிக அதிகமாகிவிடுகிறது. நம் பெண்களுக்கு இதை விளக்க ஒரு சும்மாடு போதும். அகலமான சும்மாட்டின்மேல் வாழைத்தாரைத் தூக்கி வைத்தால் தலை தாங்கிக்கொள்ளும். அதே தாரைச் சிறிய சும்மாட்டில் வைத்தால் உச்சி நோகும். பாரம் மாறவில்லை, அது விழும் பரப்பு மாறியிருக்கிறது. ஆகவே விசையை அளக்காமல், தொடும் பரப்பையும் கணக்கிட்டு ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் அழுத்தத்தை இலக்காகக் கொள்ளலாம் என்று அவர்கள் முன்மொழிந்தனர். மெலிந்த உடல்வாகு கொண்ட பெண் “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது?” என்று கேட்டால் அவர் மிகைப்படுத்துகிறார் என்று எவரும் கருதக் கூடாது. அவர் சொல்வதற்கு இயற்பியலே சான்று.

வலியைக் குறைக்க எது உதவும், எது உதவாது என்பதையும் ஆய்வுகள் ஓரளவு பிரித்துக் காட்டியுள்ளன. காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே வாய்மொழியாகவோ எழுத்திலோ விளக்கினால் வேதனை குறையக்கூடும். அழுத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் உரிமையைப் பெண்ணிடம் கொடுத்தாலும் வலி குறையக்கூடும், படத்தின் தெளிவு கெடாதவரை. தட்டின்மேல் மெத்தை போன்ற விரிப்பை வைப்பது வலியைக் குறைத்தது. எனினும் ஏறத்தாழ 2 விழுக்காட்டுப் பெண்களுக்குப் படத்தின் தரம் பாதிக்கப்பட்டது. பாரசிட்டமால் மாத்திரையை முன்னதாக விழுங்கியதால் பயன் தெரியவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து வெளியான வேறோர் ஆய்வில் பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் உதவவில்லை. தோலின்மேல் பூசப்பட்ட லிக்னோகெயின் களிம்பு வேதனையைக் குறைத்தது. அக்களிம்பை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் பூசிக்கொண்டு வர வேண்டாம். முன்பு மிகவும் வலித்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் சரியென்றால் மட்டும், மருத்துவமனையிலேயே பூசிக்கொண்டு, படமெடுக்கும் முன் துடைத்துவிட வேண்டும்.

இந்த முடிவுகளுள் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது, வலியைக் குறைப்பதில் பெண்ணின் கட்டுப்பாட்டுக்கு இருக்கும் இடம். நம் ஊரில் அடிக்கடி ஒரு பேச்சைக் கேட்கிறோம். “பிரசவ வலியையே தாங்கியவள், இதைத் தாங்கமாட்டாயா?” ஆண்களைவிடப் பெண்களே, அதிலும் மூத்த பெண்களே, இதை மிகுதியாகச் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். சொல்பவரின் நோக்கம் ஊக்கமூட்டுவதே. ஆயினும் அது வாயடைக்கும் பேச்சு. சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சென்று பாருங்கள். கொளுத்தும் வெயிலில் தீச்சட்டியைக் கையில் ஏந்தி வரும் பெண்களின் முகத்தில் அச்சம் தெரிவதில்லை. அந்த வேதனையை அவர்களே நேர்ந்துகொண்டார்கள்; எப்போது எடுப்பது, எங்கே இறக்குவது என்பது அவர்களுக்குத் தெரியும்; வழியெங்கும் உடன் வருபவர்கள் இருக்கிறார்கள். அறிமுகமில்லாத குளிர்ந்த அறையில், அரைகுறை ஆடையோடு நிற்கும்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று தெரியாமல் மேலிருந்து ஒரு தகடு இறங்குவது முற்றிலும் வேறு வகை வேதனை. அதே பெண் அங்கே நடுங்குவதில் வியப்பில்லை. எவ்வளவு வலி என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

எனவே ஒரு சொல்லை உங்கள் உரிமையாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: “நிறுத்துங்கள்.” இதைச் சொன்னால் தொழில்நுட்பர் நிறுத்த வேண்டும். தகட்டைச் சற்றுத் தளர்த்தி, நீங்கள் மூச்சுவிட்டுக்கொண்ட பின் மீண்டும் மெதுவாக இறக்கலாம். இதனால் இரண்டு நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான். அதே நேரத்தில், அழுத்தமே வேண்டாம் என்று கேட்பது நமக்கே பாதகமாகும். தெளிவில்லாத படத்தை மறுபடி எடுக்க நேர்ந்தால், தவிர்க்க நினைத்த வலி இரு மடங்காகத் திரும்பி வரும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் வலி குறையும். மாதவிலக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில் மார்பகம் கனத்து, தொட்டாலே நோகும் தன்மையோடு இருக்கும். மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14 நாட்களுக்குள் வந்தால் வேதனை குறைவாக இருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் எந்நாளிலும் வரலாம். ஆனால் இந்தக் கணக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்கு வருபவர்களுக்கு மட்டுமே. கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்துக்கொண்டாலோ நாள் பார்க்காமல் உடனே வர வேண்டும். “திருவிழா முடியட்டும்”, “திராட்சை அறுவடை முடியட்டும்” என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

நாள் குறிப்பதில் மருத்துவமனையின் பொறுப்பும் உண்டு. விடியும் முன்பே ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் இப்பள்ளத்தாக்கில் ஏராளம். பரிசோதனைக்கு வருவதென்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதென்றால் அதையும் தாண்டி ஆண்டிப்பட்டிச் சாலையில் போக வேண்டும். இத்தனை தொலைவு கடந்து வருபவரிடம் “கடைசி மாதவிலக்கு எப்போது?” என்று கேட்காமல் ஏதோ ஒரு நாளைக் குறித்துக் கொடுப்பது, பார்ப்பதற்குச் சிறிய அலட்சியம்தான். ஆனால் மிகவும் நோகும் வாரத்தில் வந்து மாட்டிக்கொண்டவர் மறு ஆண்டு வராமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

தோட்ட வேலை செய்பவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டியே காய்க்கும். நாள் முழுவதும் குனிந்தே பறிக்க வேண்டும். மூட்டையும் சுமக்க வேண்டும். முதுகும் தோளும் இறுகிப்போயிருக்கும். மேமோகிராமில் சாய்வாக எடுக்கும் படத்துக்குக் கையை உயர்த்தி, அக்குளை இயந்திரத்தின் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தோள்வலி உள்ளவர்களுக்கு மார்பகத்தைவிட இங்கேதான் அதிகமாக நோகும். மொத்த வேதனையும் பரிசோதனையின் கணக்கில் சேர்ந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகும் தொல்லை மிகுதி என்பதால் அவர்களும் கவனிக்க வேண்டும். உள்ளே நுழைந்தவுடன் “எந்தத் தோள் வலிக்கிறது, எவ்வளவு உயரம் வரை கையைத் தூக்க முடியும்” என்பதைத் தொழில்நுட்பரிடம் சொல்லிவிடுங்கள். இயந்திரத்தின் உயரத்தையும் நிற்கும் கோணத்தையும் அவரால் மாற்ற முடியும். தோளை விறைப்பாக வைத்தால் மார்புத் தசையும் விறைக்கும், வலி கூடும். தகடு இறங்கும்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டு, தோளைத் தளர்த்துங்கள். “மூச்சை நிறுத்துங்கள்” என்று சொல்லும் நொடியில் மட்டும் நிறுத்தினால் போதும்.

உடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இடுப்புக்கு மேலுள்ள உடையை மட்டும் தனியாகக் கழற்றும்படி இருந்தால் நல்லது. புடவையும் ரவிக்கையும், அல்லது சுடிதார் போதும். நைட்டி அணிந்து வந்தால் முழுவதும் களைய வேண்டியிருக்கும். அந்தக் கூச்சமே பாதி வேதனை. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் தெளிப்பான், களிம்பு எதுவும் வேண்டாம். அவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரிந்து, தேவையில்லாமல் இரண்டாம் முறை படமெடுக்க வைக்கும்.

தாலியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். “தாலியைக் கழற்றச் சொல்வார்கள்” என்ற ஒரே அச்சத்தால் வராதவர்கள் இருக்கிறார்கள். படம் விழும் இடத்தில் உலோகம் இருக்கக் கூடாது என்பதே தேவை. நீளமான சங்கிலியாக இருந்தால் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டாலே பெரும்பாலும் போதும். கழற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், அதை முன்பே சொல்லி, உடன் வந்த மாமியாரிடமோ மகளிடமோ கொடுத்துவைக்க நேரம் கொடுப்பது பணியாளர்களின் கடமை. அறைக்குள் சென்றபின் அதட்டிக் கழற்றச் சொல்வதை எந்த ஒழுங்குமுறையும் கோரவில்லை.

இதுவரை இயந்திரத்தைப் பற்றியே பேசினோம். ஆனால் நம் மாவட்டத்தில் பெரும்பாலான பெண்களுக்கு முதலில் கிடைப்பது கைகளால் செய்யப்படும் பரிசோதனையே. 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். இது ஏதோ இரண்டாந்தர ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கி நடத்திய நீண்ட ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குட்பட்டவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கைப் பரிசோதனையில் வலி மிகக் குறைவு, கூச்சம் மிகுதி. அதையும் வேதனையாகவே கருத வேண்டும் என்பேன். திரை இழுக்கப்பட்டிருக்கிறதா, கதவு சாத்தப்பட்டிருக்கிறதா, குளிர்ந்த கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாரா, ஒரு பக்கத்தைப் பரிசோதிக்கும்போது மறுபக்கம் துணியால் மூடப்பட்டிருக்கிறதா என்பவை பணம் கேட்காத ஏற்பாடுகள். உட்கார்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும், விரல்களின் உட்புறத்தால், அக்குள் வரை பொறுமையாகப் பார்க்க வேண்டிய பரிசோதனை அது. புடவைக்கு மேலேயே தடவிவிட்டு அரை நிமிடத்தில் முடித்தால் “முழுமையாகப் பாருங்கள்” என்று நீங்கள் கேட்கலாம்.

இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதைப் பலர் மறந்துவிட்டனர். உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் முன்னோடிப் பணியை 2007-ஆம் ஆண்டில் தொடங்கியபோது மாநிலம் முழுவதிலும் தேர்ந்தெடுத்தவை இரண்டே மாவட்டங்கள்: தஞ்சாவூர், தேனி. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தையும் அயோடினையும் தடவிப் பார்க்கும் எளிய முறை அது. இங்குப் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில்தான் 2012 முதல் அப்பணி மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்து, மார்பகப் பரிசோதனையும் உடன் சேர்ந்தது. மார்பகத்தைவிடக் கூச்சம் மிகுந்த ஒரு பரிசோதனைக்கு இம்மாவட்டப் பெண்கள் அன்றே முன்வந்தார்கள். நம் பெண்கள் வரமாட்டார்கள் என்று கூறுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி என்னிடம் இல்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில், தெரிந்த முகமுள்ள செவிலியர், விளக்கமாகப் பேசினால் வருவார்கள்.

வலியே இல்லாத மாற்று உண்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உடலின் வெப்பத்தைப் படமெடுக்கும் கருவிகளைப் பற்றிய விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். தொடாமல், அழுத்தாமல் எடுக்கப்படுவதால் கவர்ச்சியாகத்தான் தோன்றும். ஆனால் வெப்பப்படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்துள்ளது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேறு. அது வலிக்காது, இளம் பெண்களின் அடர்ந்த மார்பகத்துக்கு ஏற்றது, தட்டுப்பட்ட கட்டி நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று காட்டிவிடும். எனினும் மேமோகிராமில் தெரியும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் பலவும் அதில் தெரிவதில்லை. எது யாருக்கு என்பதை வயதையும் அறிகுறியையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வலிக்குமே என்பதற்காக மட்டும் நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது சரியன்று.

ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டவர்கள் இவ்விதழைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். உங்களுக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் தேவைப்படும். தழும்பும் கதிர்வீச்சால் இறுகிய திசுவும் உள்ள பக்கத்தில் மற்றவர்களைவிட மிகுதியாக வலிப்பது இயல்பு. எந்தப் பக்கம் அறுவை நடந்தது, எப்போது கதிர்வீச்சு முடிந்தது என்பதைப் படமெடுப்பவரிடம் சொன்னால் அவர் அழுத்தத்தை இன்னும் மெதுவாகக் கொடுப்பார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதையும் சொல்லுங்கள். அவர்களுக்குத் தோல் கன்றிப்போக வாய்ப்பு மிகுதி. மற்றவர்களுக்கு ஏற்படும் சிவப்பும் நோவும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

குடும்பத்தாருக்கும் சில சொற்கள். மனைவியையோ தாயையோ அழைத்து வந்து, வெளியே நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் துணையாகாது. மகளோ மருமகளோ உடன் வந்தால், உடை மாற்றும் இடம் வரை அவரை அனுமதிக்குமாறு கேளுங்கள். வெளியே வந்தவுடன் “என்ன சொன்னார்கள்?” என்று கேட்பதற்கு முன் “வலித்ததா?” என்று கேளுங்கள். கூடுதலாக ஒரு படமோ ஸ்கேனோ வேண்டும் என்று அழைத்தால் பதற வேண்டாம். அவ்வாறு அழைக்கப்படுபவர்களுள் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஊசிப் பரிசோதனை தேவைப்பட்டால், திசுவின் ஒரு துணுக்கை எடுக்கும் முன் அந்த இடம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று யாரேனும் சொல்லித் தடுத்தால், தயவுசெய்து அந்தப் பேச்சை வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள்.

மருத்துவமனைகளிடம் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சிறிய ஏற்பாடு. சர்க்கரை அளவை எழுதுகிறோம், இரத்த அழுத்தத்தை எழுதுகிறோம். மேமோகிராம் முடிந்தபின் “பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலித்தது?” என்று கேட்டு, அந்த எண்ணையும் அவருடைய சீட்டில் எழுதலாமே. எட்டு என்று சொன்னவர் அடுத்த முறை வரும்போது, நாளை மாற்றிக் கொடுக்கவும், களிம்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்கவும், கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கவும் அந்த ஓர் எண் போதும். எழுதப்படாத வலி எவர் கண்ணிலும் படுவதில்லை. கேட்கவே படாத பெண், தன் வலி தன்னுடைய குறை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அதுவரை அந்த எண்ணை நீங்களே பரிசோதனைச் சீட்டின் பின்புறம், தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் அதிகமாக வலித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தச் சீட்டோடு பழைய மேமோகிராம் படங்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருந்தால், ஐயத்தின் பேரில் மீண்டும் எடுக்க வேண்டிய படங்கள் குறையும். அவற்றைப் பீரோவின் மேல் சுருட்டி வைக்காமல், மடங்காமல், மழைச்சாரல் படாத இடத்தில் உறையோடு வைத்திருங்கள்.